அரபு நாட்டிலிருந்து ஏற்காட்டுக்கு வந்த செடி!

சேலத்தில் பஸ் ஏறி அடிவாரத்தைத் தாண்டினால், 20 கொண்டை ஊசி வளைவுகள் வரும். வளைவுக்கு வளைவு வெயில் குறையும், குளிர் கூடும். ஏற்காட்டில் ஒண்டிக்கடை முனைக்கு வந்து சேரும்போது நாம் சுமார் 4,500 அடி உயரத்தில் இருப்போம்.

ஒண்டிக்கடை என்றால் ஒற்றைக் கடை. பெயர்தான் ஒற்றை, இன்றோ நான்கு பக்கமும் கடைகள்! அருகே ஏரி, சுற்றிலும் காடு. அதனால்தான் ஊருக்கு ஏற்காடு என்று பெயர் வந்ததாம்.

காட்டுக்குள் சற்று எட்டிப் பாருங்கள். உயர்ந்த மரங்கள், அவற்றில் படர்ந்த மிளகுக் கொடி, அவற்றின் நிழலில் காப்பிச் செடி!

கடல் கடந்த கதை

காப்பியின் தாய்வீடு ஆப்பிரிக்காவில் உள்ள எத்தியோப்பியா. அங்கிருந்து கடல் தாண்டி, அரபு நாடான ஏமனுக்குப் போயிற்று. ஏமன் என்றால் மணல் மட்டும் அல்ல. அங்கும் உயர்ந்த மலைகள் உண்டு. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி அந்த மக்கள் காப்பி பயிரிட்டார்கள். மோக்கா துறைமுகத்திலிருந்து அது உலகெங்கும் கப்பலேறியது. 'அராபிகா' என்ற பெயரே அரபு நாட்டை வைத்து வந்ததுதான்.

பாபா புதன் என்ற பெரியவர் ஏமனிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து மைசூர் மலையில் விதைத்தார் என்பார்கள். ஏற்காட்டில் காப்பியைப் புகுத்தியவர், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்.

மலையின் மக்கள்

அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே வாழ்ந்தவர்கள் மலையாளிகள். இவர்கள் கேரளத்தார் அல்ல. தமிழ் பேசும் மலைவாசிகள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் இவர்களுடைய தெய்வம். ஆண்டுதோறும் மே மாதம் அங்கே திருவிழா.

காப்பி வந்தது, காடு தோட்டமாயிற்று. தோட்டங்கள் வெள்ளைக்காரர் கைக்குப் போயின. மலையில் பிறந்தவர்கள் பலர் அங்கே கூலிக்குப் போனார்கள்.

ஒரு மழை போதும்!

கோடையில் ஒரு நல்ல மழை பெய்தால் செடி முழுவதும் வெள்ளைப் பூ. மல்லிகை போல மணக்கும். அந்த மழை பொய்த்தால் விளைச்சல் குறையும். விளைச்சல் குறைந்தால் கூலி வேலையும் குறையும். பழம் சிவக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும். பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும்.

நாளைக் காலை காப்பி குடிக்கும்போது நினைத்துப் பாருங்கள். ஒரு டம்ளர் காப்பிக்குள் அரபு நாட்டு மலையும் இருக்கிறது. நம் சேர்வராயன் மலைக்காரரின் உழைப்பும் இருக்கிறது!