வில்பத்துக் காடும் நம் அமானிதமும்



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளின் கேள்வி ஒன்றுதான்: "இம்முறை எங்கே போகிறோம், வாப்பா?" ஆபிரிக்கக் காட்டுச் சிங்கத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து வியக்கும் அவர்களுக்கு, புத்தளத்துக்கு அப்பாலுள்ள வில்பத்துவை நாம் காட்டியிருக்கிறோமா?

1938இல் தேசியப் பூங்காவான வில்பத்து, சுமார் 1,300 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. மழைநீர் தேங்கும் 'வில்லு' எனும் இயற்கைக் குளங்களே அதன் தனிச்சிறப்பு. குளத்தைச் சுற்றி மணலும் புல்லும். அதற்கப்பால் பாலை, வீரை, முதிரை, கருங்காலி மரங்கள். பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடிகள் மரமேறி உண்ணும். கோடையில் நீர் வற்ற வற்ற, மானும் மரையும் யானையும் எஞ்சிய நீரைத் தேடி வரும். அவற்றை நோக்கிச் சிறுத்தையும் வரும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் ரிஸ்கை அளந்து வைத்த றப்பின் வல்லமையை என்னென்பது!

இக்காட்டின் வட எல்லையை அடுத்துள்ள நம்மவர் ஊர்களின் பெயர்களைக் கவனியுங்கள்: கரடிக்குளி, பாலைக்குளி, மறிச்சுக்கட்டி. கரடியும் பாலைமரமும் ஊர்ப் பெயராகும் அளவுக்கு மனிதரும் காடும் அயலவராய் வாழ்ந்தனர். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இவ்வூர்களும் வெறிச்சோடின. 2009இல் யுத்தம் முடிந்து மக்கள் திரும்பியபோது, வீடிருந்த இடங்களில் காடு வளர்ந்திருந்தது. எது ஊர், எது வனம் என்ற வழக்கு எழுந்தது. கல்லாறு வனப்பகுதியில் அழிக்கப்பட்ட காட்டை மீள உருவாக்குமாறு 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சகோதரிகளே, வீடிழந்தவரின் உரிமை அமானிதம். வாயில்லா ஜீவனின் உறைவிடமும் அமானிதம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது நீதியாகாது. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் எடுத்துக் கொடுத்தவர் மன்னிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயரால் ஸூராக்கள் அமைந்த வேதம் நம்முடையது.

ஆகவே வில்பத்து செல்லும்போது சோற்றுப் பார்சலின் பொலித்தீனைத் திருப்பி எடுத்து வாருங்கள். விலங்குகளுக்குத் தீனி போடாதீர்கள்; பாட்டும் கூச்சலும் வேண்டாம். வில்லுக் கரையில் பிள்ளைகள் சற்று மௌனமாக இருந்து பார்க்கட்டும். அந்த மௌனமும் ஒரு திக்ருதான்.

அல்லாஹ் நம் அனைவரையும் அமானிதம் பேணுவோராக ஆக்குவானாக! ஆமீன்.