மூழ்கினால் வளராதே!

ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் அடித்தால் காவிரி டெல்டாவில் இளம் சம்பாப் பயிர் நுனிவரை முங்கிப்போகும். வடிகால் தூர்ந்துபோன ஊர்களில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். நெல்தான் தண்ணீரிலேயே வளர்கிற பயிராயிற்றே, முங்கினால் என்ன கெட்டுப்போகிறது?

வேர் நீரில் நிற்பது நெல்லுக்குப் பொருட்டே இல்லை. அதன் வேரிலும் இலையுறையிலும் காற்றறைகள் உண்டு. தூரின் அடிப்பகுதியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இலையுறைகளுக்குள் சின்னச்சின்ன ஓட்டைகளாக அவை தெரியும். இலை வாங்கும் ஆக்சிஜன் அந்த வழியாகத்தான் சேற்றுக்குள் இருக்கும் வேர்நுனிவரை இறங்குகிறது. இலையும் முங்கினால் அந்த வழி அடைபடுகிறது. தெளிந்த நீருக்குள் இருக்கும் நெல் இலை வெள்ளியாக மின்னுவதைப் பார்த்திருக்கலாம். மெழுகுப் பூச்சில் நீர் ஒட்டாததால் இலையைச் சுற்றித் தங்கிவிட்ட மெல்லிய காற்றுப் படலம் அது. சில நாள்கள்வரை பயிர் அதை வைத்து ஓரளவு மூச்சுவிடும். ஆனால் வெள்ளம் எங்கே தெளிவாக வருகிறது? கலங்கல் நீரில் வெளிச்சமும் குறைகிறது, இலைமேல் வண்டலும் படிகிறது.

வாயுக்கள் காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் தண்ணீரில் பரவும். ஆக்சிஜன் உள்ளே வர முடியாது. செடி தானே உண்டாக்கும் எத்திலீன் வெளியேறவும் முடியாது. வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் அதே வாயுதான். திசுக்களுக்குள் அது சேரச்சேர, மூழ்கிவிட்டோம் என்பது செடிக்குத் தெரிந்துவிடும். உடனே ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் ஓங்கி, இலையும் தண்டும் மேற்பரப்பைத் தேடி நீளத் தொடங்கும்.

இது சூதாட்டம். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுகள் ஏறத்தாழ 30 கிடைக்கும்; இல்லாவிட்டால் 2 மட்டுமே. வரவு இவ்வளவு சுருங்கிய நேரத்தில் இருக்கிற மாவுச்சத்தையெல்லாம் உயரத்துக்கே செலவழித்தால், நுனி வெளியே வருவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். ஒரு வாரத்துக்குமேல் கிடந்த பயிர் வெளிறி, நெடுநெடுவென்று நின்று, தண்ணீர் வடிந்ததும் சாய்வது இதனால்தான். வங்கதேசத்திலும் தாய்லாந்திலும் ஆழ்நீர் நெல்லுக்கு இதே ஆட்டம் பலிக்கிறது. அங்கே வெள்ளம் மாதக்கணக்கில் நிற்பதால், ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்குமேல்கூட நீண்டு அந்த நெல் நீரோடு மேலேறும். இந்த ஓட்டத்தைத் தூண்டும் மரபணுக்களுக்கு 2009இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் 'ஸ்நார்கெல்' என்று பெயரிட்டார்கள். சில நாள் மூழ்கடித்துவிட்டு வடிகிற வெள்ளத்துக்கு அந்த உத்தி ஆகாது.

ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர்13ஏ என்ற ரகம் நேரெதிராக நடந்துகொள்ளும். மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, இரண்டு வாரம்வரைகூட அப்படியே கிடக்கும். தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். விளைச்சல் குறைவு என்பதால் உழவர்கள் அதை விரும்பவில்லை. அந்தக் குணத்துக்குக் காரணமான சப்1ஏ மரபணுவை டேவிட் மக்கில், பமீலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செர்ரஸ் ஆகியோரின் குழுக்கள் அடையாளம் கண்டு 2006இல் வெளியிட்டன. இதில் என்னை அசத்தும் விஷயம், சப்1ஏவை எழுப்பிவிடுவதும் அதே எத்திலீன்தான். மற்ற நெல்லில் 'ஓடு' என்கிற வாயு இதில் 'அசையாதே' என்கிறது. ஜிப்பரெலினைத் தடுக்கும் புரதங்கள் பெருகுகின்றன; மாவுச்சத்தும் பச்சையமும் மிச்சமாகின்றன.

மரபணு மாற்றம் எதுவுமின்றி, ஒட்டுச்சேர்க்கையாலேயே இந்தக் குணத்தை ஸ்வர்ணா ரகத்துக்கு ஏற்றினார்கள். ஸ்வர்ணா-சப்1 இந்தியாவில் 2009இல் வெளியானது. டெல்டாக்காரர்களுக்குப் பழக்கமான சிஆர் 1009 ரகத்துக்கும் சிஆர் 1009 சப்1 வந்திருக்கிறது.

தண்ணீர் வடிந்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. இருட்டிலும் மூச்சுமுட்டலிலும் கிடந்த இலைமேல் வெயிலும் ஆக்சிஜனும் ஒரேயடியாகப் பாய, செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. வயலில் ஈரம் இருக்கும்போதே இலை வாடிச் சுருளும். சப்1ஏ இதையும் ஓரளவு தாங்கவைக்கிறது. வறட்சியிலிருந்து மீளவும் உதவுகிறது என்று பின்னால் தெரியவந்தது. வடிந்த கையோடு யூரியாவை அள்ளி வீசாமல், புதுக்குருத்து தலைகாட்டும்வரை பொறுப்பது நல்லது.

'வெள்ளம் தாங்கும் ரகம்' என்று மொட்டையாகச் சொல்லி விதை விற்பது எனக்கு உவப்பில்லை. எந்தப் பருவத்தில், எத்தனை நாள், எவ்வளவு கலங்கல் நீரில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கதிர் வெளிவரும் நேரத்தில் முங்கினால் சப்1 ரகமும் கைவிடும். நேரடி விதைப்பில் விதை முளைக்கும்முன் தண்ணீர் கட்டிக்கொண்டாலும் சப்1ஏவால் பயனில்லை, ஏனென்றால் மண்ணுக்குள் மூழ்கிய விதை அசையாமல் கிடந்தால் செத்துப்போகும். அது முளைக்குருத்தை நீட்டி மேலே வந்தே ஆக வேண்டும். அதற்கு உதவுவது மியான்மரின் காவ் லான் ஆன் என்ற நெல்லில் கண்டெடுத்த வேறொரு மரபணு. இரண்டையும் ஒரே ரகத்தில் சேர்க்கும் வேலையை ஆராய்ச்சியாளர்கள் தொடங்கியிருக்கிறார்கள்.