எண் மாறா மாற்றம்

நுழையும்முன்

முன்னோர் தம் பெயரைக் கல்லில் பொறித்து நிலைநிறுத்தினர். இன்றைய மனிதரின் பெயரோடு பத்து இலக்க எண் ஒன்றும் இணைந்து நிற்கிறது. அலைபேசிச் சேவை வழங்கும் நிறுவனத்தை மாற்றினாலும் எண்ணை இழக்காமல் காத்துக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமையையும் அதனை உரிய காலத்தில் பயன்படுத்தும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடியில் சமணர் மலை நீண்டு கிடக்கிறது. அங்குள்ள செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் ஆகிய இடங்களில் தீர்த்தங்கரர் சிற்பங்களையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் காணலாம். சிற்பத்தைச் செய்வித்தவர் யார், அவர் யாருடைய மாணாக்கர் என்பன போன்ற செய்திகளை அக்கல்வெட்டுகள் தருகின்றன. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அவர்களின் அடையாளம் அழியவில்லை.

அம்மலையைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் இன்றைய மக்களுக்கு அலைபேசி எண்ணும் ஓர் அடையாளமே. மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்கு மல்லிகை அனுப்பும் உழவரை வணிகர் எண்ணால் அறிவர். கொத்தனாரையும் மின்பணியாளரையும் வேலைக்கு அழைப்போர் அவர்களது எண்ணையே நினைவில் வைத்திருப்பர். வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு முன்பதிவு, கல்வி உதவித்தொகை ஆகிய அனைத்தும் எண்ணோடு பிணைக்கப்பட்டுள்ளன. எனவே, எண்ணை இழத்தல் என்பது வெறும் இலக்கங்களை இழத்தல் அன்று. வருவாயையும் உறவையும் உரிமையையும் ஒருசேர இழத்தலாகும்.

எண்ணும் கட்டும்

இந்தியாவில் முதல் அலைபேசி அழைப்பு 1995ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் கொல்கத்தாவிலிருந்து புதுதில்லிக்குப் பேசப்பட்டது. அக்காலத்தில் எண்ணின் முன்னிலக்கங்களே நிறுவனத்தையும் அதன் சேவை வட்டத்தையும் காட்டின. ஆகவே, நிறுவனத்தை விட்டு நீங்குபவர் எண்ணையும் விட்டு நீங்க வேண்டியிருந்தது. கட்டணம் மிகுந்தாலும் அலைவரிசை குன்றினாலும், எண்ணை இழக்க அஞ்சிப் பலர் பழைய நிறுவனத்திலேயே தொடர்ந்தனர். வாடிக்கையாளர் விலகிச் செல்ல இயலாத இடத்தில் நிறுவனங்களுக்குத் தரத்தை உயர்த்தும் கட்டாயமும் குறைவாகவே இருக்கும்.

இக்கட்டை அவிழ்க்க உலக நாடுகள் வழி தேடின. சிங்கப்பூர் 1997ஆம் ஆண்டிலேயே இம்முயற்சியைத் தொடங்கியது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2009ஆம் ஆண்டு இதற்கான விதிகளை வெளியிட்டது. 2010 நவம்பர் 25 அன்று அரியானாவிலும், 2011 சனவரி 20 முதல் நாடு முழுவதிலும் இத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒரே சேவை வட்டத்திற்குள் மட்டுமே மாற இயன்றது. 2015 சூலை 3 முதல் நாட்டின் எந்த வட்டத்திற்குக் குடிபெயர்ந்தாலும் அதே எண்ணைத் தொடரும் நிலை உருவானது.

அழைப்பு வழி அறிவது எவ்வாறு?

எண் மாறாமல் நிறுவனம் மட்டும் மாறினால், அழைப்பு சரியான இடத்தை எவ்வாறு சென்றடைகிறது? வீடு மாறியவரின் புதிய முகவரியை அஞ்சலகம் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்வதை இதற்கு ஒப்பிடலாம். எந்த எண் எந்த நிறுவனத்திற்கு மாறியுள்ளது என்னும் விவரம் பொதுத் தரவுத்தளத்தில் பதிவு செய்யப்படுகிறது. அழைப்பை அனுப்பும் நிறுவனம் அத்தரவைப் பார்த்து, எண்ணின் இப்போதைய இருப்பிடத்திற்கு அழைப்பைத் திருப்புகிறது. இப்பணிகள் அனைத்தும் நொடிப்பொழுதில் நிகழ்கின்றன.

மாறும் முறை

நிறுவனம் மாற விரும்புபவர், 'போர்ட்' என்னும் சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டுத் தம் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். மறுமொழியாக எட்டு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட தனித்த குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள்களுக்குச் செல்லும். அதற்குள் புதிய நிறுவனத்தின் விற்பனையகத்தில் குறியீட்டையும் அடையாளச் சான்றையும் அளித்து, புதிய சிம் அட்டை பெற வேண்டும். ஒரே வட்டத்திற்குள் மூன்று வேலை நாள்களிலும், வேறு வட்டத்திற்கு ஐந்து வேலை நாள்களிலும் மாற்றம் நிறைவுறும். அதுவரை பழைய அட்டையே இயங்கும்.

இதற்குச் சில வரையறைகள் உள்ளன. இப்போதைய நிறுவனத்தில் குறைந்தது 90 நாள்கள் நிறைவுற்றிருக்க வேண்டும். பின்கட்டண முறையில் இருப்பவர் நிலுவைத் தொகையைச் செலுத்தியிருக்க வேண்டும். எண் யார் பெயரில் உள்ளதோ, அவரே விண்ணப்பிக்க வேண்டும். சிம் அட்டையை அண்மையில் மாற்றியவருக்கு ஏழு நாள்கள் கடக்கும்வரை குறியீடு வழங்கப்படுவதில்லை. பிறர் எண்ணைக் கவர்ந்து வங்கிப் பணத்தைத் திருடுவோரைத் தடுக்கவே 2024 சூலை 1 முதல் இவ்விதி நடைமுறையில் உள்ளது. ஆகவே, குறியீட்டை முன்பின் அறியாதவரிடம் கூறுதல் கூடாது.

காலம் அறிதல்

திட்டத்தின் காலம் முடியும் தறுவாயே மாறுவதற்கு ஏற்ற காலம். முன்கட்டண முறையில், மாறும்போது எஞ்சியிருக்கும் தொகையும் நாள்களும் புதிய நிறுவனத்திற்கு வந்து சேர்வதில்லை. 84 நாள் திட்டத்தைப் பெற்ற மறுவாரமே மாறுபவர் எஞ்சிய காலத்தின் பயனை இழப்பார். காலம் முடிந்தபின் மாறலாம் எனக் காத்திருப்பவரோ இடையில் சேவையின்றித் தவிக்க நேரிடலாம். காலம் முடிவதற்கு ஏறத்தாழ ஒரு வாரத்திற்கு முன் தொடங்குதல் நன்று.

மாறுவதற்குமுன் விலையை மட்டும் நோக்குதல் போதாது. 28 நாள்களுக்கு 252 ரூபாய் என்னும் திட்டத்தில் நாளொன்றுக்கு 9 ரூபாய் செலவாகும். 84 நாள்களுக்கு 672 ரூபாய் என்றால் 8 ரூபாயே ஆகும். ஆயினும், வீட்டில் அலை கிடைக்காவிடில் அச்சேமிப்பால் பயன் என்ன? வானொலி அலைகளைப் பாறை தடுக்கும். நகரில் சிறப்பாக இயங்கும் நிறுவனத்தின் அலை, மலையடிவாரத்தில் மெலியக்கூடும். புதிய நிறுவனத்திலும் 90 நாள்கள் தொடர வேண்டியிருப்பதால், அண்டை வீட்டாரின் அலைபேசியை நம் வீட்டிலும் வயலிலும் இயக்கிப் பார்த்தபின் முடிவெடுப்பதே அறிவுடைமை.

ஒரு படிப்பினை

ஏர்செல் நிறுவனம் 1999ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கி, மாநிலமெங்கும் பரவியது. 2018 பிப்ரவரியில் கடும் நிதி நெருக்கடியால் அதன் சேவை முடங்கியது. மக்கள் விற்பனையகங்களில் திரண்டனர். அலையே கிடைக்காதபோது 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்புவதும் அரிதாயிற்று. ஆயினும், எண் மாறா மாற்றம் என்னும் வழி இருந்தமையால் பெருந்திரளானோர் தம் எண்ணுடன் வேறு நிறுவனங்களுக்கு மாறினர். பத்தாண்டுகளுக்கு முன் இந்நிலை நேர்ந்திருப்பின், அனைவரும் எண்ணை இழந்திருப்பர்.

உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதனை அறிந்தவருக்கே அது பயன்தரும். வீட்டில் இச்செய்திகளைப் படித்தறிய இயலாத பெரியவர்கள் இருப்பின், அவர்களுக்கு எடுத்துரைத்துத் துணைநிற்பது கற்றவர் கடமையாகும்.

தெரிந்து தெளிவோம்

28 நாள் திட்டத்தைத் தொடர்ந்து பெறுபவர் ஓராண்டில் 12 முறை அன்று, 13 முறை கட்டணம் செலுத்துகிறார். ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றையேனும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டம் ஒன்றையேனும் வழங்க வேண்டும் என 2022ஆம் ஆண்டு டிராய் பணித்தது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் குடும்பத்தினர் பயன்படுத்தும் அலைபேசித் திட்டங்களின் நாளொன்றுக்கான செலவைக் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.
2. எண் மாறாமல் நிறுவனம் மாறும் முறையை உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு விளக்குவது போன்ற உரையாடல் எழுதுக.