மோட்டார் கன்ட்ரோலர் பெட்டி: இரைச்சலும் சான்றிதழும்

மோட்டார் ஓடத் தொடங்கியதும் பண்ணை வீட்டு ரேடியோவில் 'கொர்' என்ற இரைச்சல் கிளம்புகிறது. தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருக்கிறது. ஆனால் மட்டம் காட்டும் சென்சார் 'நிறைந்துவிட்டது' என்று காட்டி மோட்டாரை நிறுத்திவிடுகிறது. இரவில் வீட்டிலிருந்தபடியே மோட்டாரைப் போட வாங்கிய மொபைல் ஸ்டார்ட்டர், மோட்டாரை ஒரு முறை நிறுத்திய பிறகு அடுத்த அழைப்புக்குப் பதிலே தருவதில்லை. வேகம் மாற்றும் கன்ட்ரோலர்களும் சோலார் பம்ப்செட்டுகளும் கிணற்றடிக்கு வந்த பின்னர் கேட்கப்படும் புகார்கள் இவை.

விவசாயி முதலில் மோட்டாரைச் சந்தேகிக்கிறார், பிறகு சென்சாரை. ஆயிரக்கணக்கில் செலவழித்து உள்ளே இருக்கும் போர்டை மாற்றுகிறார். புதிய போர்டும் பழைய போர்டு செய்ததையே செய்கிறது. கதிர் பிடிக்கும் பருவத்தில் இரண்டு நாள் தண்ணீர் தவறினால் ஏற்படும் நஷ்டம், போர்டின் விலையைவிட அதிகம். பல இடங்களில் பழுது எந்தக் கருவியிலும் இருப்பதில்லை. ஒரு கருவி கிளப்பும் மின் இரைச்சலை அடுத்த கருவியால் தாங்க முடியவில்லை என்பதே காரணம். இந்த இரண்டையும் ஒருங்கே கவனிப்பதற்குத்தான் 'மின்காந்த இணக்கம்' என்று பெயர். ஒரு கருவி அளவுக்கு மீறி இரைச்சல் எழுப்பக் கூடாது. பிற கருவிகளின் நியாயமான இரைச்சலைத் தானும் தாங்க வேண்டும்.

இரைச்சல் எங்கே பிறக்கிறது?

பழைய ஸ்டார்ட்டரில் மோட்டாரைப் போடும்போதும் நிறுத்தும்போதும் மட்டுமே பொறி எழும். புதிய கன்ட்ரோலர் அப்படியல்ல. அது நேர்மின்சாரத்தை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி மூன்று பேஸ் மின்சாரமாக மாற்றி மோட்டாருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டும் ஒரு மைக்ரோ விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். வாய்க்கால் மடையை மெல்லத் திறந்தால் தண்ணீர் அமைதியாக ஓடும். படாரென்று திறந்து மூடினால் அலை எழும்பிக் கரையில் மோதும். வயரிலும் அவ்வாறே. வெட்டு எவ்வளவு வேகமோ அவ்வளவுக்கு உயர் அதிர்வெண் அலைகள் கிளம்பி, கேபிள் வழியாகவும் காற்று வழியாகவும் பரவுகின்றன.

ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்களுக்கு மற்றொரு கேடும் உண்டு. 600 அடி ஆழத்தில் மோட்டார் இருந்தால் கேபிளின் நீளம் 180 மீட்டரைத் தாண்டும். புட்வால்வு சட்டென மூடும்போது பைப்பில் விழும் அடியை அறியாத விவசாயி இல்லை. அதேபோல மின் அலையும் கேபிளின் அடிமுனையில் மோதித் திரும்புகிறது. 415 வோல்ட் லைனில் இயங்கும் கன்ட்ரோலரின் உள்ளே நேர்மின்சாரம் சுமார் 585 வோல்ட் இருக்கும். அலை மோதித் திரும்பும்போது மோட்டார் முனையில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகி 1,100 வோல்ட்டையும் தாண்டக் கூடும். சுருளின் காப்புறை இந்த அடியை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை வாங்குகிறது. "கன்ட்ரோலர் மாட்டிய பிறகு மோட்டார் அடிக்கடி எரிகிறது" என்ற புகாரின் பின்னணியில் பல சமயம் இருப்பது இதுதான். மேல்மட்ட மோனோபிளாக் மோட்டார்களிலோ கசியும் மின்சாரம் பேரிங் வழியாக ஓடி, குண்டுகளில் பள்ளம் விழச் செய்கிறது.

மொபைல் ஸ்டார்ட்டரின் கதை வேறு. பேனலுக்குள் அதன் பக்கத்திலேயே கான்டாக்டர் இருக்கிறது. கான்டாக்டரின் காயிலுக்கு மின்சாரம் நிற்கும் கணத்தில், அந்தக் காயில் பல நூறு, சில சமயம் ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்புகளை எறிகிறது. ஓரங்குல தூரத்தில் உள்ள சின்னஞ்சிறு சில்லு நினைவிழந்து நின்றுவிடுகிறது. கான்டாக்டர் தயாரிப்பாளரே விற்கும் துடிப்படக்கியைக் காயிலுக்கு இணையாக மாட்டினால் பெரும்பாலும் இத்தொல்லை தீரும். போர்டை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகவும் குறைவு.

சோதனைக் கூடத்தில் நடப்பது

இது இன்று நேற்று எழுந்த பிரச்சினை அல்ல. ஐரோப்பாவில் ரேடியோ பரவிய காலத்தில், மோட்டார்களும் டிராம் வண்டிகளும் ஒலிபரப்பைக் கெடுத்தன. 1933இல் பாரிசில் பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பேசியதன் பயனாக 'சிஸ்பர்' என்ற பன்னாட்டுக் குழு பிறந்தது. இரைச்சலை எப்படி அளப்பது, எவ்வளவு அனுமதிப்பது என்பதை இன்றும் அக்குழுவே வகுத்து வருகிறது.

சோதனை இரண்டு விதம். முதலாவது, கருவி எழுப்பும் இரைச்சலை அளப்பது. கருவிக்கும் மின் லைனுக்கும் நடுவே ஓர் அளவீட்டுப் பெட்டியை வைத்து, 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை லைனில் கசியும் இரைச்சலைப் பார்க்கிறார்கள். அதற்கு மேற்பட்ட அலைகளை, சுவரெங்கும் கூம்பு வடிவ நுரைப் பஞ்சு ஒட்டிய அறையில், சுழலும் மேடையில் கருவியை வைத்து ஆன்டெனாவால் அளக்கிறார்கள். வீடுகளுக்கான வரம்பு மிகக் கடுமையானது. லைனில் கசியும் இரைச்சல், அதிர்வெண்ணைப் பொறுத்து, ஏறத்தாழ 2 மில்லிவோல்ட்டிலிருந்து 0.6 மில்லிவோல்ட் வரைதான் அனுமதிக்கப்படுகிறது. 230 வோல்ட் ஓடும் கம்பியில் இது கடுகளவு. ரேடியோ கேட்பவரின் காதுக்கு எவ்வளவு எரிச்சல் தரும் என்பதை ஒட்டியே அளக்கும் கருவியும் வடிவமைக்கப்பட்டது என்பது சுவையான செய்தி.

இரண்டாவது, கருவியின் தாங்குதிறனைப் பார்ப்பது. கைவிரலிலிருந்து பாயும் நிலைமின்சாரம், கான்டாக்டர் எழுப்பும் துடிப்புகள், இடி மின்னலால் லைனில் வரும் எழுச்சி ஆகியவற்றைச் செயற்கையாக உண்டாக்கிக் கருவியின்மீது செலுத்துகிறார்கள். லைனுக்கும் எர்த்துக்கும் இடையே 2,000 வோல்ட் எழுச்சி என்பது வழக்கமான அளவு. நேரடியாக விழும் இடியை எந்தச் சான்றிதழும் தாங்காது. ஆகவே கோடை இடிக்கும் ஐப்பசி இடிக்கும் தனியே எழுச்சித் தடுப்பான் பொருத்துதல் அவசியம். சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் 'சமீர்' நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம், இத்தகைய சோதனைகளைச் செய்யும் கூடங்களில் ஒன்று.

எந்தச் சான்றிதழ்?

நீர்மூழ்கி பம்ப்செட்டில் உள்ள ஐ.எஸ். 8034 முத்திரை, பம்ப்செட்டின் நீரேற்றும் திறன், மின் செலவு முதலியவற்றுக்கானது. கன்ட்ரோலர் பெட்டியின் இரைச்சலைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. "ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதே" என்று விற்பனையாளர் கூறினால், முத்திரை எதன்மேல் இருக்கிறது என்று பார்த்தல் வேண்டும்.

வேகம் மாற்றும் கன்ட்ரோலர்களுக்கான பன்னாட்டுத் தரம் ஐ.இ.சி. 61800-3. இதில் சி1, சி2, சி3, சி4 என நான்கு வகைகள் உள்ளன. சி1 வீடுகளுக்கானது. சி2 வீடுகள் உள்ள இடத்திலும் பொருத்தலாம். ஆனால் விவரமறிந்த தொழிலாளி பொருத்த வேண்டும். சி3 என்பது தனி டிரான்ஸ்பார்மர் கொண்ட தொழிற்சாலைகளுக்கானது. விவசாயி கவனிக்க வேண்டிய இடம் இதுவே. தோட்டம் ஊருக்கு வெளியே இருப்பதால் அதைத் தொழிற்சாலை போலக் கருதக் கூடாது. கிணற்று மோட்டாருக்கும் குடியிருப்புகளுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து மின்சாரம் வருமானால், தரத்தின் கணக்கில் அது வீட்டுப் பகுதியே. அங்கே சி3 பெட்டியை மாட்டினால், ஒரு தோட்டத்தின் இரைச்சல் அந்த டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேரும். விலை குறைந்த பெட்டிகள் பல சி3 வகையாக இருப்பதன் காரணம், உள்ளே வைக்க வேண்டிய வடிகட்டியில் மிச்சம் பிடித்திருப்பதே. லைனோடு சேராத தனி சோலார் பம்ப்செட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் பலகையிலிருந்து வரும் நீண்ட வயர்களே ஆன்டெனாவாக வேலை செய்யும்.

சி2 சான்றிதழ் இருந்தாலும் ஒரு நிபந்தனை உண்டு. குறிப்பிட்ட நீளமுள்ள மோட்டார் கேபிளை வைத்தே சோதனை நடந்திருக்கும். கையேட்டில் அந்த நீளம் அச்சிடப்பட்டிருக்கும். பல பெட்டிகளில் அது ஆழ்குழாய்க் கிணற்றின் ஆழத்துக்குப் பாதிகூட வராது. நீளம் மீறினால் சான்றிதழ் செல்லாது என்றே கொள்ள வேண்டும். அப்போது கன்ட்ரோலரின் வெளிப்பக்கத்தில் சோக் எனப்படும் ரியாக்டரையோ, சைன் வடிகட்டியையோ சேர்த்துப் பொருத்த வேண்டும். மோட்டார் சுருளைக் காப்பதும் இதுவே. விலைப்புள்ளி வாங்கும்போதே கேபிள் நீளத்தை எழுதிக் கொடுத்து, அந்த நீளத்துக்கு என்ன வடிகட்டி தேவை என்று எழுத்தில் பதில் பெறுவது நல்லது.

வயர் இழுப்பதில் கவனம்

மோட்டார் கேபிளும் சென்சார் வயரும் ஒரே குழாய்க்குள் போவதே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம். இரண்டுக்கும் குறைந்தது ஓரடி இடைவெளி வேண்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். சென்சாருக்கு உலோகப் பின்னல் உறையுள்ள முறுக்கு வயரைப் பயன்படுத்தலாம். மொபைல் ஸ்டார்ட்டரின் ஆன்டெனா பேனலுக்கு வெளியே, கேபிளிலிருந்து விலகி இருக்க வேண்டும்.

எர்த் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. உப்பும் கரியும் இட்டு நன்கு அமைத்த எர்த் குழி, உயிர்காப்புக்கு இன்றியமையாதது. ஆனால் இரைச்சல் அலைகளுக்குக் குழியைவிட வயரின் நீளமே முக்கியம். ஒரு மீட்டர் வயரே 1 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு சுமார் 6 ஓம் தடை தரும். எனவே பெட்டியிலிருந்து எர்த்துக்குப் போகும் இணைப்பு குட்டையாகவும் பட்டையாகவும் இருத்தல் வேண்டும். மோட்டாரின் எர்த் வயரும் மோட்டார் கேபிளோடு ஒட்டியே வந்து கன்ட்ரோலரில் சேர வேண்டும். பெட்டியைத் திறக்கும் முன் சுவிட்சை அணைத்துச் சில நிமிடம் காத்திருப்பது கட்டாயம். உள்ளே உள்ள கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பகல் வெளிச்சத்தில் சோலார் பலகை வயர்களில் எப்போதும் மின்சாரம் உண்டு.

திருகைக் கழற்றும் வழக்கம்

வடிகட்டி உள்ள கன்ட்ரோலரை மாட்டியதும் சில இடங்களில் கசிவு மின்சாரத் தடுப்பான் அடிக்கடி விழும். வடிகட்டியின் கெபாசிட்டர்கள் எர்த்துக்குச் சிறிது மின்சாரத்தைக் கசியவிடுவதால் வரும் விளைவு இது. உடனே வயர்மேன் செய்வது, பெட்டியில் வடிகட்டியை எர்த்தோடு சேர்க்கும் சிறு திருகைக் கழற்றிவிடுவது. தடுப்பான் விழுவது நின்றுவிடும். ஆனால் பணம் கொடுத்து வாங்கிய சி2 பெட்டி அந்த நிமிடமே சான்றிதழை இழந்துவிடுகிறது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் எர்த் வயரையே அவிழ்த்துவிடுகிறார்கள். அல்லது தடுப்பானை நீக்கி நேரடியாக இணைக்கிறார்கள். இது உயிருக்கு உலை வைப்பதாகும். மூன்று பேஸ் கன்ட்ரோலருக்கு ஏற்ற 'பி' வகைத் தடுப்பான்கள் உள்ளன. தயாரிப்பாளரிடம் கேட்டு அதைப் பொருத்துவதே முறை. கையேடு சொல்லும் சூழலில் தவிர அத்திருகில் கை வைக்கக் கூடாது.

டிரான்சிஸ்டர் சோதனை

சோதனைக் கூடத்துக்குப் போகாமலே இரைச்சலை ஓரளவு அறிய, பேட்டரியில் இயங்கும் டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். மத்திய அலையில், அதாவது 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில், எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்த வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு முறையும், ஓடவிட்டு ஒரு முறையும் பெட்டியருகே, கேபிள் செல்லும் வழி, வீட்டு வாசல் என நடந்து பார்க்க வேண்டும். எங்கே இரைச்சல் மிகுகிறதோ அங்கே வயர்தான் ஆன்டெனா. மூன்று பேஸ் வயர்களையும் சேர்த்து ஒரு ஃபெரைட் வளையத்துக்குள் நுழைத்த பின்னர் மீண்டும் கேட்டால் வித்தியாசம் தெரியும். விலங்குகளைத் தடுக்க முறைப்படி எனர்ஜைசர் பொருத்திய வேலிகளிலும் இதே ரேடியோ உதவும். கம்பியில் தழை பட்டுப் பொறி பறக்கும் இடத்தில் விநாடிக்கு ஒரு தரம் 'டிக்' என்ற ஒலி பலமாகக் கேட்கும்.

மானியத்தில் சோலார் பம்ப்செட் பெறுவோர், பொருத்தி முடித்ததாகக் கையெழுத்திடும் முன்பே இச்சோதனையைச் செய்துவிடுதல் நலம். பிரதமரின் குசும் திட்டத்தில் ஐந்தாண்டுப் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. கன்ட்ரோலரின் வகை, கையேட்டில் உள்ள கேபிள் நீளம், கிணற்றில் இறக்கிய கேபிளின் நீளம் ஆகிய மூன்றையும் ஒப்படைப்புப் படிவத்தில் எழுதச் சொல்லி ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். பொருத்தத்தில் ஐயம் இருந்தால் வேளாண் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தை அணுகலாம்.