அமெரிக்க இலக்கியத் தேர்வா? அரியர் பயம் வேண்டாம்!

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளை மிரட்டும் தாள்களில் ஒன்று அமெரிக்க இலக்கியம். ஷேக்ஸ்பியர் பள்ளியிலேயே கேட்ட பெயர். ஹாதார்ன், எமர்சன், ஓ'நீல் போன்ற பெயர்கள் பலருக்குக் கல்லூரியில்தான் அறிமுகமாகின்றன. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்குக் கேட்கவே வேண்டாம். கடைசி வாரத்தில் கைடு வாங்கி, பத்துக் கட்டுரைகளை உருப்போட்டுப் போனால், கேள்வி சற்றே மாறி வந்தாலும் கை ஓடாது. இந்தத் தாளைப் புரிந்து படிக்கச் சில வழிகள் இருக்கின்றன.

ஒரே பக்கத்தில் வரலாறு

முதலில் ஒரு தாளில் காலக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். 1776 சுதந்திரப் பிரகடனம், 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர், 1929 பங்குச்சந்தை வீழ்ச்சி, 1950, 60களில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம். பாடத்திலுள்ள ஒவ்வொரு படைப்பையும் இந்தக் கோட்டில் அதனதன் இடத்தில் எழுதுங்கள்.

பயன் உடனே தெரியும். வால்ட் விட்மனின் 'ஓ கேப்டன்! மை கேப்டன்!' கவிதையை எடுத்துக்கொள்வோம். 1865 ஏப்ரலில், போர் முடியும் தறுவாயில் அதிபர் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். கேப்டன் லிங்கன், கப்பல் நாடு, பயணம் போர். இது மனதில் பதிந்தால் பாதி விடை தயார்.

மூல நூலைத் தொடுங்கள்

ஹெமிங்வேயின் 'தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ' (1952) சிறிய நாவல், எளிய ஆங்கிலம். 'கடலும் கிழவனும்' என்று தமிழிலும் வந்திருக்கிறது. தமிழில் ஒருமுறை படித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போவதில் தவறே இல்லை.

ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' (1949) நம் வீட்டுக் கதை போலவே இருக்கும். ஊர் ஊராக அலையும் விற்பனையாளர் வில்லி லோமன். ஃபிரிட்ஜுக்குத் தவணை, வீட்டுக்குக் கடன், மகன் பெரிய ஆளாவான் என்ற கனவு. வீட்டுக் கடனின் கடைசித் தவணை கட்டி முடிக்கும்போது அந்த வீட்டில் அவர் இல்லை. மாதத் தவணைக்கு ஓடும் அப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, 'அமெரிக்கக் கனவு' பற்றிய பத்து மதிப்பெண் கேள்வி நிச்சயம் புரியும்.

நமக்கும் தொடர்பு உண்டு

தோரோ தன் 'வால்டன்' (1854) நூலில் பகவத் கீதையைப் போற்றுகிறார். சட்ட மறுப்பு பற்றி அவர் எழுதிய கட்டுரையைக் காந்தி விரும்பிப் படித்தார். விட்மனைப் பற்றித் தமிழில் எழுதியவர் பாரதியார். இப்படித் தெரிந்த முகங்களோடு சேர்த்துப் படித்தால் மறக்காது.

நேரம் முக்கியம்

பல கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு மூன்று மணி நேரம், 75 மதிப்பெண். பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து ஐந்து மதிப்பெண் கேள்விகள், மூன்று கட்டுரைகள் என்பது பரவலான அமைப்பு. அப்படியானால் முதல் பகுதிக்கு 30 நிமிடம், இரண்டாவதற்கு 60, கட்டுரைகளுக்கு 75, சரிபார்க்க 15 என்று பிரிக்கலாம். உங்கள் கல்லூரியின் பழைய கேள்வித்தாளை வைத்து, ஒருமுறையாவது கடிகாரத்தைப் பார்த்து வீட்டிலேயே எழுதிப் பாருங்கள்.

ஆண்டுகளும் விவரங்களும் இரண்டு மதிப்பெண்ணுக்கு உதவும். எமிலி டிக்கின்சன் ஏறக்குறைய 1,800 கவிதைகள் எழுதினார். வாழ்ந்த காலத்தில் அச்சேறியவை பத்துச் சொச்சம்தான். டோனி மாரிசன் 1993இல் நோபல் பரிசு பெற்றார். இப்படி ஒரு படைப்பாளிக்கு மூன்று குறிப்புகள் போதும்.

அம்மாக்களும் உதவலாம்

'இங்கிலீஷ் எனக்கு எங்கே தெரியும்?' என்று ஒதுங்க வேண்டாம். காய் நறுக்கும் நேரத்தில், "அந்த நாடகத்தின் கதையைச் சொல்லேன்" என்று மகளிடம் கேளுங்கள். அம்மாவுக்குப் புரியும்படி தமிழில் சொல்ல முடிந்தால், அவளுக்குக் கதை பிடிபட்டுவிட்டது என்று பொருள். "அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்ற உங்கள் கேள்வியே நாளைக்குத் தேர்வில் வரலாம். பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். கைடு வாக்கியம் பாதியில் மறந்து போகலாம், சொந்த வாக்கியம் கைவிடாது.