பிழைத்து வந்தவர்

நமது நண்பர் ஒருவர், சென்னைவாசி. 2021-ஆம் வருஷம் மே மாதத்தில், கொரோனா இரண்டாம் முறையாகத் தலைவிரித்தாடிய நாட்களில், பதினெட்டு தினங்கள் ஆஸ்பத்திரியில் பிராணவாயுவின் உதவியால் ஜீவித்திருந்தார். வீடு திரும்பியபோது கூடத்துச் சுவரில் அவருடைய தாயாரின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. மகன் செய்யவேண்டிய அந்திமக் கிரியையை யாரோ தூரத்து பந்து ஒருவர் செய்து முடித்திருந்தார். நோயை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் தாமே என்பது நண்பருடைய தீர்மானம்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "புனர்ஜன்மம் அல்லவா! இனி என்ன கவலை?" என்று சொல்லி, காப்பி அருந்திவிட்டுப் போனார்கள். நாமும் அப்படியே சொன்னோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். மனுஷர் இரவில் உறங்கவேயில்லை. எங்கேனும் மணி ஒலித்தால் ஆஸ்பத்திரி யந்திரத்தின் ஓசையென்று திடுக்கிட்டு எழுவார். இதெல்லாம் அவருடைய மனைவியார் பிற்பாடு சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது.

இது கோழைத்தனமன்று. இந்நோய் கண்ட 2,36,000-க்கு மேற்பட்டவர்களின் வைத்தியக் குறிப்புகளை ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்து, 2021-இல் அறிக்கை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் அமெரிக்காவில் வசிப்பவர்கள். ஆறு மாதத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளை அல்லது மனம் சம்பந்தமான கோளாறு ஏதேனும் காணப்பட்டது. சிலருக்கு அது முன்பே இருந்ததுண்டு. முதன்முறையாகக் கண்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 13 பேர். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவர்களிடம் விகிதம் இன்னும் அதிகம்.

காரணம் தேடிப் போகவேண்டியதில்லை. மூச்சுக்குத் தவிப்பு, பக்கத்துப் படுக்கை திடீரென்று காலியாவது, உறவினர் முகம் ஒன்றும் தென்படாமை, ஜுர வேகத்தில் கண்ட பயங்கரங்கள். எது நடந்தது, எது பிரமை என்று பிறகு பிரித்தறிய முடிவதில்லை. இதற்காகவே ஸ்காண்டிநேவிய நாடுகளின் சில ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகள் நோயாளிக்கென்று ஒரு நாட்குறிப்பு எழுதி வைக்கிறார்கள். குணமானபின் அதை அவர் படித்துப் பார்த்துத் தெளிவடைகிறார். நல்ல ஏற்பாடு! நம் வீடுகளிலும் ஒரு நோட்டுப் புத்தகத்துக்கா பஞ்சம்?

"நடந்ததை மறந்துவிடு" என்று உபதேசிப்பதைவிட, "ராத்திரி தூங்கினீர்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்பது மேல். "உயிரோடு இருந்து என்ன பிரயோஜனம்?" என்ற பேச்சு எழுந்தால் அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும், நாள் பார்க்கக்கூடாது. மத்திய சர்க்கார் 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய டெலி-மானஸ் என்னும் டெலிபோன் சேவையும் இருக்கிறது. இலக்கம் 14416, கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

நண்பர் முதன்முறை கூப்பிட்டபோது, ஒன்றும் பேசாமல் டெலிபோனை வைத்துவிட்டார். மறுநாள் தாயாரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாராம். பின்பு வைத்தியரிடமும் போய்வந்தார். இப்போது ஒருவாறு உறங்குகிறார். கூடத்துப் படத்தை நிமிர்ந்து பார்ப்பதுதான் இன்னும் கூடவில்லை.