நிறுத்திக் கேட்கும் பழக்கம்

2016 பெப்ரவரியில், பங்களாதேஷ் மத்திய வங்கி நியூயோர்க்கில் வைத்திருந்த கணக்கிலிருந்து பணம் திருடப்பட்டது. 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. இன்னொரு 2 கோடி டொலர் நமது நாடான இலங்கையிலுள்ள வங்கிக் கணக்கொன்றுக்கு அனுப்பப்பட்டது. ஆனால் அது திருடர் கையில் சேரவில்லை. பணம் பெறவிருந்த அமைப்பின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற சொல் பிழையாக இருந்தது. இடையிலிருந்த டொய்ச்சே வங்கி அதைக் கண்டு விளக்கம் கேட்டது, கொடுப்பனவு நின்றது.

திருடர் உள்ளே வந்த வழியும் சாதாரணமானதுதான். ஓராண்டுக்கு முன்பே, வேலை தேடுபவர் அனுப்பியதுபோல மின்னஞ்சல்கள் பங்களாதேஷ் மத்திய வங்கி ஊழியர்களுக்கு வந்திருந்தன. சுயவிபரம் என்று காட்டப்பட்ட இணைப்பில் நச்சு மென்பொருள் இருந்தது.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இதே தந்திரம் சின்ன உருவத்தில் வரும். "எங்கள் கணக்கிலக்கம் மாறிவிட்டது, இனி இதற்குப் போடுங்கள்" என்று கொழும்பு விநியோகஸ்தர் பெயரில் ஒரு வட்ஸ்அப் தகவல். பொதி வந்திருக்கிறது என்று ஒரு லிங்க். ஓடிபி கேட்டு ஓர் அழைப்பு. பெருநாள் வியாபார நெரிசலில் யாருக்கும் யோசிக்க நேரமிருக்காது.

ஒருநாள் கருத்தரங்கு, பகல் சாப்பாடு, சான்றிதழ் என்று முடியும் பயிற்சி அந்த நெரிசலில் நினைவுக்கு வராது. கிழமைக்குப் பத்து நிமிடம் போதும். அந்தக் கிழமை உங்கள் கடைக்கே வந்த ஒரு பொய்த் தகவலை எல்லோருக்கும் காட்டுங்கள். எந்த இடத்தில் சந்தேகம் வரவேண்டும் என்று ஊழியர்களையே சொல்ல விடுங்கள்.

விதிகள் மூன்று போதும். கணக்கிலக்கம் மாறியதாகத் தகவல் வந்தால், ஏற்கெனவே நம்மிடம் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்ட பிறகே பணம் போடவேண்டும். தகவலில் வந்த இலக்கத்துக்கு அழைக்கக்கூடாது. ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. முக்கியமான கோப்புகளின் பிரதியை வேறோர் இடத்தில் வைக்கவேண்டும். 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் பிரதி இல்லாமல் அழிந்தன.

இவை பழக்கமாவது முதலாளியின் கையில்தான் இருக்கிறது. "ஹாஜியார், இத நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று கணக்கு எழுதும் பிள்ளை கேட்கும்போது, "இதெல்லாம் கேக்குற விசயமா?" என்று சினந்தால், அந்தப் பிள்ளை இனிக் கேட்காது. "நல்ல வேல செஞ்சாய்" என்றால் பக்கத்திலிருப்பவரும் கேட்பார். முதலாளியின் அவசரக் கட்டளைக்கும் இதே விதி பொருந்தவேண்டும். ஏனென்றால் மோசடிக்காரர் முதலாளியின் பெயரிலும் வருவார்.

தெரியாமல் லிங்கை அழுத்தியவரைத் திட்டினால் அவர் மறைப்பார். மறைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் திருடருக்கு இலாபம். உடனே சொன்னால் வங்கிக்கு அறிவிக்கலாம், கடவுச்சொல்லை மாற்றலாம், இணையப் பாதுகாப்பு அமைப்பான ஸ்ரீ லங்கா செர்ட்டின் 101 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

மருதமுனைத் தறியில் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்ட பின்னரே மேலே நெய்வார். தறி நின்ற அந்த நேரத்தை யாரும் நட்டக் கணக்கில் எழுதுவதில்லை. ஒரு கொடுப்பனவை நிறுத்தி வைத்து அழைத்துக் கேட்கும் இரண்டு நிமிடத்தையும் நம் கடைகளில் அப்படியே மதிப்போம்.